ஞானம் கேட்டு செபித்த பிறகு நம்ம பங்கு எங்கே ஆரம்பிக்குது? (தடைக்கால அன்பியக் கூட்டத்துக்கு உதவி வேணும்)

சோழகம், தங்கச்சிமடம்:

ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகெல்லாம் கட்டிடுவாங்க, ஜூன் 14 வரை கடல் கிடையாது. இந்த 61 நாள்ல எங்க அன்பியத்துல (பங்குல பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்க சேர்ந்து செபிக்கிற குழு) வாரம் ஒண்ணுன்னு எட்டுக் கூட்டம் வச்சிருக்கோம். தலைப்பு "ஞானமும் அவரவர் பொறுப்பும்". அடிப்படை வசனம் யாக்கோபு 1:5. ஞானத்துல குறைவுள்ளவன் கடவுள்கிட்ட கேட்கட்டும், அவர் கடிஞ்சுக்காமத் தருவார்ங்கிறது.

தயாரிப்புக் கூட்டத்துலயே ரெண்டு கட்சி. செபத்துல ஒப்புக்கொடுத்த பிறகு கணக்குப் போடுறது அவநம்பிக்கைன்னு ஒரு கட்சி. கும்பிட்டா மனசுக்கு ஆறுதல், மத்ததெல்லாம் நம்ம சாமர்த்தியம்தான்னு இன்னொரு கட்சி. நடுவுல நிக்கிறவங்களுக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை.

பேச்சு கடைசியில வந்து நிக்கப்போற இடம் தெரியும். வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிப் படகுப் பங்கு சேர்றது, மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து, எச்சரிக்கை இருக்கும்போது கடலுக்குப் போறது, வசனச் சீட்டு (பைபிள் வசனம் எழுதின துண்டுச் சீட்டு) எடுத்து முடிவு பண்றது. எந்தப் பகுதியை எப்படி நடத்தணும், எங்கே சறுக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம்.

---

வாடை, பாம்பன்:

எட்டு வாரமும் யாக்கோபுலயே சுத்தாதீங்க தம்பி. முதல் வாரம் திருத்தூதர் பணிகள் 27 (பிற சபையார் அப்போஸ்தலர்னு சொல்றது). கடல் கதைன்னா நம்ம ஆட்கள் தானாப் பேசுவாங்க, நீங்க வாயை மூடிட்டு இருந்தா போதும்.

பவுலைக் கைதியா ரோமுக்குக் கொண்டுபோற கப்பல் கிரேத்தா தீவுல நல்ல துறைமுகம்னு ஒரு இடத்துல நிக்குது. யூதரோட நோன்பு நாள் கழிஞ்சிருச்சுன்னு லூக்கா எழுதுறார். அப்படின்னா செப்டம்பர் கடைசியோ அக்டோபரோ. அந்தக் காலத்து ரோமக் கணக்குப்படி செப்டம்பர் நடுவுக்கு மேல கடல் ஆபத்து, நவம்பர் 11ல இருந்து மார்ச் 10 வரை அடைப்பு. அவங்களுக்கும் ஒரு தடைக்காலம் இருந்துச்சுன்னு இங்கேயே சொல்லிடுங்க, உடனே ஒட்டும்.

பவுல் என்ன சொல்றார்? இந்தப் பயணத்துல சரக்கும் கப்பலும் மட்டுமில்லை, உயிரும் போகும்னு "காண்கிறேன்" என்கிறார். இதைத் தரிசனம்னு நடத்தாதீங்க. 2 கொரிந்தியர் 11:25ல, இந்தப் பயணத்துக்கு முன்னாடியே மூணு தடவை கப்பல் உடைஞ்சு ஒரு ராப்பகல் கடல்ல கிடந்ததா அவரே எழுதியிருக்கார். பட்டவன் பார்வை அது. ஆதாரம் வேணும்னா, உயிர் போகும்னு அவர் சொன்னது நடக்கலை, 276 பேரும் தப்பினாங்க. திசை சரி, விவரத்துல பிசகு. மனுஷ அனுபவம் அப்படித்தான் இருக்கும், அதுக்காக அதைத் தள்ளக் கூடாது.

காவலுக்கு வந்த ரோமப் படை அதிகாரி, அந்த நூற்றுவர் தலைவன் கேட்டது யார் பேச்சை? மாலுமியும் கப்பல் சொந்தக்காரனும் சொன்னதை. நம்ம பாஷையில டிரைவரும் சம்மாட்டியும். அவங்க காரணமும் மட்டமில்லை, அந்தத் துறை மழைக்காலத்துக்கு ஒதுங்க ஏத்ததில்லை, பெரும்பாலானவங்க கிளம்பலாம்னுதான் சொன்னாங்க. அப்புறம் தென்றல் மெல்ல அடிக்குது, நினைச்சது கைகூடிருச்சுன்னு நங்கூரத்தைத் தூக்கிட்டாங்க. இந்த வசனத்துல பத்து நிமிஷம் நிறுத்துங்க. "கதவு திறந்துச்சு, ஆண்டவர் சித்தம்"னு நாம சொல்றது முக்காவாசி இந்தத் தென்றல்தான்.

இனிமே உங்க ரெண்டு கட்சிக்கும் பதில். கப்பல் புயல்ல மாட்டின பிறகு, 24ம் வசனத்துல வானதூதர் வாக்குக் கொடுக்கிறார், கப்பல்ல இருக்கிற ஒருத்தர் உயிரும் போகாது. நிபந்தனையே இல்லாத வாக்கு. ஆனா 31ம் வசனத்துல கப்பலாட்கள் சின்னப் படகை இறக்கித் தப்பப் பார்க்கும்போது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார் அதே பவுல். வாக்கு வந்த பிறகுதான் வேலை கூடுது. விழுது விட்டு ஆழம் பார்க்கிறாங்க, முதல்ல இருபது பாகம் (கடல் ஆழ அளவு), கொஞ்சம் தள்ளிப் பதினஞ்சு பாகம். பின்னணியத்துல நாலு நங்கூரம் போடுறாங்க. ஏன் முன்னணியத்துல போடலைன்னு கேளுங்க, பெருசுகளே சொல்லும்: முன்னால போட்டா கப்பல் திரும்பிக்கும். பின்னால போட்டா முகப்பு கரையைப் பார்த்தே நிக்கும், விடிஞ்சதும் கயித்தை அறுத்து நேரா ஓட்டிடலாம். பதினாலு நாளா ஒழுங்காச் சாப்பிடாதவங்களைச் சாப்பிட வைக்கிறார். மிச்சக் கோதுமையைக் கடல்ல கொட்டுறாங்க, பாரம் குறைஞ்சு கப்பல் மிதந்தாத்தான் கரைக்குக் கிட்ட ஏறும்.

நடத்துறவங்க வழக்கமாச் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. 25ம் வசனத்துல "தைரியமாயிருங்கள்"னு நிறுத்திப் பாட்டுப் பாடிடுவாங்க. 44 வரைக்கும் போங்க.

---

கொண்டல், இராமநாதபுரம்:

சகோதரர் வாடை சொன்னதோடு யாக்கோபு 1:5ஐப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முந்தின மூன்று வசனங்களும் சோதனையைப் பற்றியவை. ஆகவே அங்கே கேட்கச் சொல்லும் ஞானம் "எந்தப் படகு, எந்த மாப்பிள்ளை" என்று சொல்லும் தகவல் அல்ல. நெருக்கத்தில் நிலைகுலையாமல் நடக்கும் திறம். 3:13 அதையே உறுதிப்படுத்துகிறது: ஞானி தன் ஞானத்தை நல்ல நடக்கையினால் காட்டவேண்டும். கேட்டது கிடைத்ததா என்று பார்க்க 3:17 போதும். சுத்தம், சமாதானம், சாந்தம், இணக்கம், இரக்கம், பட்சபாதமில்லாமை, மாயமில்லாமை. "இணக்கம்" என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். மூல மொழியில் அது சொன்னால் கேட்டுக்கொள்ளும் குணம். ஜெபித்து முடித்த பிறகு யார் சொல்லையும் கேட்க மறுக்கிறவர் இந்த வசனத்தில் தேறமாட்டார்.

"சந்தேகப்படாமல் கேட்கவேண்டும்" என்பதை மனதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதாக எடுக்கக் கூடாது. எட்டாம் வசனத்தில் வருவது "இருமனம்". முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, முத்திரை போட மட்டும் தேவனிடம் போவது இருமனம். காற்றில் அடிபடும் அலை என்ற உவமை உங்கள் கரைக்கு விளக்கம் வேண்டாதது.

தங்கச்சிமடம் என்பதால் ஒரு இடைக்குறிப்பு: கூட்டத்தில் யாராவது "நம்ம சந்தியாகப்பர் எழுதின நிருபம்" என்று தொடங்கக்கூடும். சந்தியாகப்பர் செபதேயுவின் மகன் யாக்கோபு. அவரை ஏரோது வாளால் கொன்றது அப்போஸ்தலர் 12:2இல் இருக்கிறது. நிருபத்தை எழுதியவராகச் சபை மரபு சொல்வது ஆண்டவருடைய சகோதரர் யாக்கோபை. பெயர்தான் ஒன்று.

வசனச் சீட்டு. நீதிமொழிகள் 16:33, "சீட்டு மடியிலே போடப்படும்; காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்பதைத்தான் காட்டுவார்கள். (இராமேஸ்வரம் பக்கம் மடி என்றதும் இழுவலை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டு எடுத்ததையும் சொல்வார்கள். ஆனால் அப்போஸ்தலர் 1:21-22ஐப் படியுங்கள். யோவான் ஞானஸ்நானம் முதல் கூடவே இருந்தவன், உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி என்று முதலில் தகுதி வைத்துச் சலித்து, இருவரை நிறுத்தி, ஜெபித்து, அதன் பிறகே சீட்டு. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்குப் பின் புதிய ஏற்பாட்டில் சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்த இடமே இல்லை. காலையில் ஒரு வசனச் சீட்டு எடுத்துத் தியானிப்பது நல்ல பழக்கம். அதை வைத்து மூன்று லட்ச ரூபாய் கடன் முடிவு செய்வது வேறு.

யாராவது தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தால் அலட்சியமும் வேண்டாம், அடிபணியவும் வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள். நடைமுறையில், சொன்னதை அன்றைக்கே தேதியோடு எழுதிவைக்க வேண்டும். பத்து நாள் கழித்து நினைவில் வளர்ந்துவிடும். சொன்னவருக்கு அந்தக் காரியத்தில் ஆதாயம் உண்டா என்று பார்க்க வேண்டும். 1 கொரிந்தியர் 14:29இன்படி மற்றவர்கள் நிதானிக்க இடம் கொடுக்காத வார்த்தையைத் தள்ளிவைக்கலாம். அப்போஸ்தலர் 21இல் அகபு என்ற தீர்க்கதரிசி எருசலேமில் பவுலுக்கு என்ன நேரும் என்றுதான் சொன்னான், போ என்றோ போகாதே என்றோ சொல்லவில்லை. போகவேண்டாம் என்று அழுதவர்கள் கூட இருந்தவர்கள். முடிவு பவுலுடையது.

---

தராசுமுள், ஓரியூர்:

மேலே ரெண்டு பேரும் எதுக்குன்னு சொல்லிட்டாங்க. எப்படிங்கிறதுக்கு ஒரு பழைய முறை இருக்கு. இயேசு சபையை நிறுவின இஞ்ஞாசியார் ஆன்மிகப் பயிற்சிங்கிற நூல்ல வகுத்தது, அச்சேறினது 1548ல. எங்க ஊர்ல 1693ல ரத்தம் சிந்தின அருளானந்தரும் இயேசு சபைக்காரர், இந்தப் பயிற்சியில வளர்ந்தவர்தான். தமிழ்ல இதைத் தேர்ந்து தெளிதல்னு சொல்றோம்.

முதல் விதியை எல்லாரும் தாண்டிடுறாங்க. நல்லதா இருக்கணும், இல்லேன்னா நல்லதும் கெட்டதும் இல்லாத பொதுக் காரியமா இருக்கணும். அதுக்குள்ளதான் தேர்வு. கடல் அட்டை 2001லேயே தடை. ரெண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடிக்கும் தடை. "இதுக்குப் போகலாமான்னு செபிச்சுப் பார்க்கிறேன்"னு ஒருத்தர் சொன்னா, செபிக்க அங்கே ஒண்ணும் இல்லை.

அடுத்தது கேள்வியை இறுக்குறது. "படகு வாங்கலாமா"ங்கிறது கேள்வி இல்லை. "இந்தப் படகுல மூணுல ஒரு பங்கு, இந்த விலைக்கு, வர்ற ஜூன்ல, இந்த ரெண்டு பேரோட" என்பதுதான் கேள்வி. தெளிவு வராததுக்குப் பாதிக் காரணம் கேள்வி கொழகொழன்னு இருக்கிறதுதான்.

அப்புறம் மனசைத் தராசு முள்ளு மாதிரி நடுவுல நிறுத்தச் சொல்றார். கடுமையான கட்டம் இது. முள்ளு ஏற்கெனவே சாஞ்சிருந்தா அதை ஒப்புக்கிட்டு, "எனக்கு இதுமேல ஆசை இருக்கு"ன்னு செபத்துலயே சொல்லிடணும். மறைச்சா மேற்கொண்டு எழுதுற காரணமெல்லாம் ஆசைக்கு வக்கீலா மாறிடும்.

பிறகு தாள்ல நாலு கட்டம்: வாங்கினா நன்மை, வாங்கினா தீமை, வாங்காட்டி நன்மை, வாங்காட்டி தீமை. ரெண்டே கட்டம் போட்டா என்னன்னு கேப்பாங்க. மூணாவது கட்டம் காணாமப் போயிடும், அதான் விஷயம். இருக்கிற நாட்டுப்படகை வச்சுக்கிட்டா தடைக்காலத்துலயும் பாடு (மீன் வரவு) உண்டு, ராத்திரி வீட்ல இருக்கலாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதெல்லாம் வாங்குற பேச்சுல யாரும் எழுத மாட்டாங்க. காரணங்களை எண்ணாதீங்க, எடை போடுங்க. "அந்தஸ்து"ன்னு ஒரு வரியும், "பிள்ளை படிப்புப் பணம்"னு ஒரு வரியும் சமமில்லை.

முட்டிக்கிட்டு நின்னா மூணு பார்வை. முகம் தெரியாத ஒருத்தர் இதே நிலைமையில வந்து கேட்டா என்ன சொல்வோம்? சாகப்போற நேரத்துல எந்த முடிவு எடுத்திருக்கணும்னு தோணும்? தீர்ப்பு நாள்ல? முதல் பார்வைதான் பெரும்பாலானவங்களுக்கு வேலை செய்யும்.

முடிவை உடனே ஊருக்குச் சொல்லாம ரெண்டு மூணு நாள் செபத்துல வைக்கணும், அமைதி நிக்குதா கலையுதான்னு பார்க்க. நேரம் பற்றி ரெண்டு எச்சரிக்கை. மனசு வறண்டு இருண்டு கிடக்கும்போது முன்னால எடுத்த முடிவை மாத்தக் கூடாது. அதே மாதிரி தியானத்துல மனசு பொங்கி நிக்கிற நேரத்துல அவசரமா வாக்குக் கொடுக்கக் கூடாது. முதல்ல சொன்னது பலருக்குத் தெரியும், ரெண்டாவது தெரியாததாலதான் தியானத்துக்குப் போயிட்டு வந்த வாரத்துல வீட்ல சண்டை.

---

கணக்கு, தொண்டி:

நான் ரூபாய் பக்கம் மட்டும். கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமைங்கிற நீதிமொழிகள் 22:7 எல்லாருக்கும் மனப்பாடம், வட்டிக் கணக்கு மட்டும் யாருக்கும் வராது.

மூணு வட்டின்னா நூத்துக்கு மாசம் மூணு ரூபாய், வருஷத்துக்கு 36 சதவீதம். மூணு லட்சத்துக்கு மாசம் 9,000. தடைக்காலம் ரெண்டு மாசத்துக்கு 18,000, அந்த ரெண்டு மாசமும் விசைப்படகுல வரவு பூஜ்யம். இந்த ஒரு வரியைப் பலகையில எழுதிப்போடுங்க.

முன்பணத்துக்கு வட்டியே இல்லைன்னு சொல்வாங்க. கணக்குப் பாருங்க. ஒரு லட்சம் முன்பணம், அதுக்காக மீன் அவர்கிட்டதான் போடணும், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைச்சு எடுக்கிறார்னு வைங்க. ஒரு தங்கலுக்கு (ஒரு தடவை கடலுக்குப் போய் வர்றதுக்கு) 40 கிலோ நல்ல மீன்னா 400 ரூபாய். வாரம் மூணு நாள் கடல்னா மாசம் 12 தடவை, 4,800. அதாவது கிட்டத்தட்ட அஞ்சு வட்டி, முதல் அப்படியே நிக்குது. லூக்கா 14:28ல கோபுரம் கட்டுறவன் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிறான்னு ஆண்டவர் சொல்றார். உட்கார்ந்து பார்க்கிறதுன்னா இதுதான், அவநம்பிக்கை இல்லை.

ஜாமீன்: 1872 ஒப்பந்தச் சட்டம் 128ம் பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லாத வரைக்கும் கடனாளியோட பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரர் பொறுப்பும் அவ்வளவு. "அவர் கட்டலேன்னாத்தானே என்கிட்ட வருவாங்க"ன்னு நினைக்கிறது தப்பு, நேரா வரலாம். கையெழுத்துக்கு முன்னாடி முழுத் தொகை என்ன, எத்தனை மாசம், தாள்ல காலியிடம் இருக்கா என்று பாருங்க. வெத்துத் தாள்ல எவ்வளவு நெருங்கின சொந்தம் கேட்டாலும் கிடையாது. நீதிமொழிகள் 22:27 சொல்ற அளவுகோல் நல்லா இருக்கு: செலுத்த ஒண்ணும் இல்லாட்டா படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துட்டுப் போவான். அந்தத் தொகையைத் திரும்பி வராதுன்னு நினைச்சுத் தூக்கிக் கொடுக்க முடியுமா? முடிஞ்சா கையெழுத்துப் போடுங்க. ஏற்கெனவே போட்டாச்சுன்னா நீதிமொழிகள் 6:1-5. போய் விழுந்து கேட்டுத் தப்பிச்சுக்கோ, அதுவரைக்கும் தூங்காதேங்கிறது. வெட்கப்பட்டு வீட்ல உட்காரச் சொல்லலை.

---

கச்சான், மூக்கையூர்:

எல்லாம் சரிதான். ஆனா பொறுப்பு பொறுப்புன்னு பேசுற கூட்டத்துல கடைசியில அடி வாங்குறது கூலிக்குப் போற ஆளு. சம்மாட்டி போகச் சொன்னார், டிரைவர் எல்லையைத் தாண்டினார், சிறையில கிடக்கிறது வலை இழுத்தவன். அவனுக்கு நாலு கட்டம் போட நேரம் எங்கே? பாடு இல்லாத வீட்ல "கடன் வாங்காதே"ன்னு வசனம் படிக்கிறது சுலபம்.

கலாத்தியர் 6ஐ ஒரு வாரம் முழுசா எடுங்க. 2ம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லுது, 5ம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. பழைய மொழிபெயர்ப்புல ரெண்டும் "பாரம்", அதனால முரண்பாடு மாதிரி தெரியும். கிரேக்கத்துல ரெண்டு சொல். முதல்ல வர்றது பாரோஸ், ஆளை அமுக்குற சுமை. அடுத்தது போர்த்தியோன், ஒருத்தனுக்குன்னு ஏத்தின சரக்கு. வாடை அண்ணன் சொன்ன 27:10ல கப்பல் சரக்குக்கு வர்றதும் இதே வேர்ச்சொல்தான். அவனவன் சரக்கு அவனவனுக்கு, ஆளை முழுக்கடிக்கிற பாரம் எல்லாருக்கும். அதனால கூட்டத்துல "நீ என்ன பண்ணணும்" மட்டும் கேட்காம "இந்த வீட்டுப் பாரத்துல அன்பியம் எதைத் தூக்கும்"னும் கேளுங்க.

எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கும்போது போறது யார் பொறுப்பு? ஒருத்தர் தலையில கட்டாதீங்க. அனுப்புறவர், ஓட்டுறவர், ஏறுறவர், "போகாட்டா அடுப்பு எரியாது"ன்னு சொல்ற வீடு, அவ்வளவு பேருக்கும் பங்கு உண்டு, சம பங்கு இல்லை. அதிகாரம் எவ்வளவோ பொறுப்பு அவ்வளவு. ஏறுறவன் கையில இருக்கிறது சின்ன விஷயங்கள்: உயிர்காப்புச் சட்டையைப் பெட்டியில வைக்காமப் போட்டுக்கிறது, கடலோரக் காவல்படை எண் 1554ஐப் படகுல எழுதி வைக்கிறது. அதையாவது விடக் கூடாது.

இன்னொண்ணு, கசப்பா இருக்கும். அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவுல நம்மளும் யாழ்ப்பாணம், மன்னார்க்காரங்களும் ஒரே திருப்பலியில நிக்கிறோம். நம்ம இழுவை மடியில அறுபடுறது பக்கத்துல நிக்கிறவங்க வலை. இலங்கை 2017ல இழுவை மடியையே தடை பண்ணிருச்சு. அரசியல் பேச்சு எட்டு வாரமும் ஓடும், ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போறப்போ இந்த வலையைப் பற்றி என்ன சொல்றதுன்னு ஒரு வாரமாவது கேட்கலாம்.

---

சோழகம், தங்கச்சிமடம்:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. முதல் வாரம் 27ம் அதிகாரம், கடைசி ரெண்டு வாரம் கலாத்தியர்னு வச்சுட்டேன். கச்சத்தீவு விஷயத்தைப் பங்குத்தந்தைகிட்ட கேட்டுட்டுச் சேர்க்கிறேன். தராசுமுள் அண்ணே, ஒரு சந்தேகம். கூட்டத்துல பாதிப் பேர் எழுதுறதுக்குக் கூச்சப்படுவாங்க. நாலு கட்டத்தை எப்படி நடத்துறது?

---

தராசுமுள், ஓரியூர்:

தாள் வேண்டாம். திண்ணையில சாக்பீஸ்ல நாலு கட்டம் கிழிங்க. ஒரு கிண்ணம் புளியங்கொட்டை, ஒரு கிண்ணம் பெரிய சிப்பி. காரணத்தை வாயால சொல்லிச் சொல்லி வைக்கட்டும். சின்னக் காரணத்துக்குக் கொட்டை, பெரிய காரணத்துக்குச் சிப்பி. எது பெருசுன்னு அவங்களே சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது. வீட்டுக்காரரும் வீட்டுக்கார அம்மாவும் தனித்தனியா வச்சா இன்னும் நல்லது, ரெண்டு பேருக்கும் சிப்பி விழுற கட்டம் ஒண்ணா இருக்காது, பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். கூட்டம் முடிஞ்சதும் அள்ளிடாதீங்க, காலையில திரும்ப வந்து பார்க்கணும். கோழி வராத திண்ணையாப் பாருங்க.